கூகுள் தேடல் விளம்பரமா, இன்ஸ்டாகிராம் விளம்பரமா?

கோவையில் வெட் கிரைண்டர் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் ‘டேபிள்டாப் கிரைண்டர் விலை’ என்று தேடுகிறவர் வாங்கும் எண்ணத்தோடுதான் வருகிறார். பெரும்பாலும் விளம்பரத்தை யாராவது கிளிக் செய்தால்தான் நீங்கள் கூகுளுக்குக் காசு கொடுக்க வேண்டும். ஆனால் ‘கிரைண்டர் பெல்ட்’, ‘கிரைண்டர் ரிப்பேர்’ என்று தேடுகிறவரும் கிளிக் செய்வார், பணம் கரையும். அந்தச் சொற்களை நெகட்டிவ் கீவேர்டு பட்டியலில் (இவற்றைத் தேடினால் விளம்பரம் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்லும் பட்டியல்) போட்டுவிட வேண்டும். இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை.

இன்ஸ்டாகிராமில் யாரும் கிரைண்டர் தேடி வருவதில்லை. மாவு நுரைத்து எழும் ரீல் கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நிற்பார்கள், அவ்வளவுதான். புடவை, நகை என்றால் அதுவே போதும். கிரைண்டருக்கு என் ஓட்டு கூகுளுக்கே. அப்புறம் கையில் காசு மிச்சமிருந்தால், இணையதளத்தில் மெட்டா பிக்சல் (இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா தரும், தளத்துக்கு வருகிறவர்களைக் குறித்துவைக்கும் சிறு நிரல்) பொருத்தி, வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு மட்டும் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் காட்டலாம்.