டேப்லெட்டா, டி.வி.யா, பாட்டுப் பெட்டியா? நைனாவிடம் தேறியது எது

எங்கள் நைனாவுக்கு வயது 76. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ராயபுரத்தில் எங்கள் தெரு கேரம் மன்றத்தின் பழைய ஆட்டக்காரர். டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, "மூளைக்கு வேலை குடுங்க" என்று வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கொரு ஆப் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றாக முயன்று பார்த்தோம்.

முதலில் டேப்லெட். அதில் மூளைப் பயிற்சி விளையாட்டுகள்: ஜோடிப் படம் கண்டுபிடி, விட்டுப்போன எண்ணைச் சொல், அந்த மாதிரி. தப்பாகத் தொட்டால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, கூடவே ஒரு சத்தம். மூன்றாவது நாள், "என்ன எதுக்கும்மா பரீட்ச எழுத வைக்கிற?" என்று டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஞாபகசக்திக் குறைவைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்த லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப் நிறுவனம், அதற்குப் போதிய ஆதாரம் இல்லாததால் 2016-இல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே ஒட்டிப் போகிறது. ஆரம்ப, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்குக் குழுவாக உட்கார்ந்து பேசி, பாடி, விளையாடும் 'அறிவுத் தூண்டல்' பயிற்சியைக் கொடுக்கச் சொல்கிறது. ஞாபகம், கவனம் என்று குறிப்பிட்ட திறனைப் பழக்கும் 'அறிவுப் பயிற்சி'யை, டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமரின் ஆரம்ப, நடுத்தர நிலை நோயாளிக்குச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

சரி, அவருக்குப் பிடித்த கேரமே டேப்லெட்டில் இருக்கிறதே என்று அதை இறக்கினேன். என் தப்புக் கணக்கு. அந்த ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கரைப் பின்னால் இழுத்து விட வேண்டும். அவரோ நாற்பது வருடப் பழக்கத்தில் கண்ணாடியை நகத்தால் சுண்டினார். ஒன்றும் நகரவில்லை. போதாததற்கு வயதானவர்களின் விரல் காய்ந்து போயிருப்பதால் தொடுதிரை பல நேரம் தொட்டதையே உணராது. பத்து நிமிடத்தில் கை நடுங்கக் கோபம் வந்துவிட்டது.

அதே கேரம் டி.வி.க்கு வந்தபோது நடந்தது வேறு. புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாரே, அந்தச் சமயத்தில் கேரம் ஆட்ட வீடியோக்களை பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டேன். நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெட் போட்டாச்சு, ஃபாலோ போடணும், ஃபாலோ!" காலையில் சாப்பிட்டது நினைவில்லாத மனிதர் அவர். அதிலிருந்து கல்மண்டபம், காசிமேடு, ராயபுரம் ரயில் நிலையம், பழைய துறைமுகக் கிரேன் என்று படங்களையும் சேர்த்தேன். ஒரு படத்துக்கு ஒரு கதை வருகிறது. ஊர் பேர் மாறும், வருஷம் குழம்பும், திருத்துவதில்லை. "இது யாரு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன், அதுவும் பரீட்சைதான்.

டி.வி.யில் ஒரு தொல்லை: பக்கத்தில் ஆள் வேண்டும். நேராக யூடியூபில் விட்டால் இன்னும் மோசம், அடுத்தது தானாக ஓடிச் செய்திச் சேனல் சண்டையில் போய் நிற்கும். ஒருமுறை விளம்பரத்துப் பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் ஜெயித்தது பாட்டுப் பெட்டி. டிரான்சிஸ்டர் மாதிரி பெரிய பொத்தான் வைத்தது. அவராகவே அமுக்குகிறார், அவராகவே நிறுத்துகிறார். எங்கள் வீட்டில் இப்போது அவர் யார் உதவியும் இல்லாமல் இயக்கும் ஒரே பொருள் அதுதான். பாட்டுத் தேர்வில் மட்டும் கவனம் வேண்டும். பத்து வயது முதல் முப்பது வரையிலான நினைவுகள்தான் பெரும்பாலும் ஆழமாக நிற்கும் என்கிறார்கள். அவர் கணக்குக்கு அது 1960 முதல் 1980 வரை. நான் முதலில் ஏற்றியது இளையராஜாவின் எண்பதுகள். அது என் வயசுப் பாட்டு! எம்.எஸ்.வி.க்கு மாற்றியதும், அகஸ்தியா தியேட்டரில் டிக்கெட் வாங்க வரிசையில் அடிவாங்கிய கதை தானாக வந்தது.

குரலில் கேட்டால் பதில் சொல்லும் ஸ்பீக்கரும் வந்தது. அவருடைய ராயபுரத்துத் தமிழ் அதற்கு விளங்கவில்லை. ஆளில்லாமல் குரல் மட்டும் வந்தது அவருக்குப் பயமாகிவிட்டது. திருப்பிக் கொடுத்தேன். வீடியோ காலில் பேரன் முகம் தெரிந்தால் சந்தோஷம்தான், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை.

ஆக, டி.வி. காலை பதினொரு மணிக்கு, நான் பக்கத்தில் உட்கார முடிகிற நேரத்தில், இருபது நிமிடம். நான் சமையலறையில் இருக்கும்போது பாட்டு. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் "வீட்டுக்குப் போகணும்" என்று பரபரப்பார். அந்த நேரத்தில் எந்தத் திரையும் வேண்டாம். டேப்லெட்டைப் பையனிடம் கொடுத்துவிட்டேன். மன்றத்தில் கழித்துக்கட்டிய பழைய கேரம் போர்டு ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறேன், ஓரம் கொஞ்சம் உடைந்தது, பவுடர் தூவினால் ஓடும்.