நிலத்தைக் கேட்டுவிட்டுக் கன்று கொடுக்கிற நர்சரி

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக, மலை அடிவாரத்து நர்சரி ஒன்றைப் பற்றி இதை எழுதுகிறேன். நாகலூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். மேலே ஒரு சோலைத் துண்டு, கீழே ஓடையை ஒட்டி இன்னொன்று, நடுவில் எங்கள் காபி. அப்பா காலத்தில் நிழலுக்கு முழுக்க சில்வர் ஓக் வைத்துவிட்டார்கள். மிளகுக் கொடி ஏற்றலாம், வெட்டினால் காசு, அதெல்லாம் சரி. ஆனால் குரங்கும் பறவையும் தின்ன அதில் ஒரு பழம் கிடையாது. வருஷா வருஷம் கிளை கழிப்பதால் ஒரு மரம் இன்னொன்றைத் தொடுவதும் இல்லை.

அடிவாரத்தில் இருக்கும் இந்தச் சின்ன நர்சரிக்கு இரண்டு வருஷம் முன்பு நூறு நாட்டு மரக்கன்று வாங்கப் போனேன். அங்கிருந்த அம்மா காசு வாங்குவதற்கு முன்பே, "ஓடை எந்தப் பக்கம் தம்பி, காட்டுமாடு எந்த வழியா இறங்குது?" என்று கேட்டு, பில்லின் பின்பக்கத்திலேயே கோடு போட ஆரம்பித்துவிட்டார். தோட்டம் பூராவும் இறைத்து நடாதே, மேல் சோலையிலிருந்து ஓடை வரைக்கும் ஒரே பட்டையாக நடு, காட்டுமாட்டுத் தடத்தில் மட்டும் கன்றும் வைக்காதே, முள்கம்பியும் கட்டாதே என்றார். தேவாங்கு தாவாது, கிளையைப் பிடித்துப் பிடித்துத்தான் போகும், அதனால் நடுவில் ஒரு மரம் விட்டுப்போனாலும் அதற்கு அங்கேயே வழி முடிந்துவிடும் என்று அவர் சொன்னது எனக்குப் புதுசு. நம்ம சேலத்தைத் தாண்டிப் போகிற இதே 44-ஆம் நெடுஞ்சாலைக்கு அடியில், மகாராஷ்டிராவில் பெஞ்ச் காட்டுப் பகுதியில், விலங்குகள் கடக்க ஒன்பது இடத்தில் வழி விட்டிருக்கிறார்கள், புலியே போய் வருகிறது. மூன்று ஏக்கர்க்காரனும் தன் அளவுக்கு ஒரு வழி விடலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கன்றுகள் நன்றாகவே இருந்தன. நாவல், அத்தி, பலா, செண்பகம், சந்தன வேம்பு. நடும்போது பையைக் கிழித்துப் பார்த்தால் வேர் அடியில் சுருண்டு கிடக்கவில்லை, நேராக இறங்கியிருந்தது. வேறொரு இடத்தில் வாங்கி, வேர் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு, காற்றில் சாய்ந்துபோன கன்றுகளைப் பார்த்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. பைகளில் பெயர் எழுதுவதில்லை, அத்தி என்று கொடுத்ததில் நாலைந்து, அதே இனத்து வேறு மரமான இச்சி. செண்பகத்தில் பாதி போய்விட்டது, கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். மலைக்கு வண்டி அனுப்ப மாட்டார்கள். நாமே ஏற்றும்போது பைகளுக்கு இடையில் சாக்கைத் திணித்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் பாதிப் பையில் மண் கொட்டிவிட்டது.

நாவல் இப்போது என் தலைக்கு மேல். போன வாரம், விட்டு வைத்த தடத்தில் ஈர மண்ணில் என் கையகலத்துக்குக் காட்டுமாட்டுக் குளம்புச் சுவடு, பக்கத்தில் ஒரு மரக்கன்றுக்கும் சேதமில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஆடி மழைக்கு நடுகிறவர்கள் வைகாசியிலேயே சொல்லி வையுங்கள். போகும்போது தோட்டத்தின் வரைபடத்தையும் எடுத்துப் போங்கள், அந்த அம்மா கட்டாயம் கேட்பார்.