ஒரே கூண்டு, இரண்டு முயல், ஒரு டிரே: மூன்று வருடக் கணக்கு

மெல்பர்னில் இருக்கும் என் சித்தப்பா மகன் இரண்டு ஃபெரட் வளர்க்கிறான். கீரிப்பிள்ளை ஜாடையில், நீள உடம்பும் குட்டைக் காலுமாக வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு என் மகள் ஒரு மாதம் அடம் பிடித்தாள். சிங்கப்பூரில் ஃபெரட் வளர்க்க அனுமதி கிடையாது. முயல், கினி எலி, ஹாம்ஸ்டர், சின்சில்லா என்று இங்கே பட்டியல் சின்னது. கடைசியில் 2022-இல் ஈசூனில் எங்கள் நாலறை வீட்டுக்கு ஒரு முயல் வந்தது. பெயர் முறுக்கு. அடுத்த வருடம் சீடை வந்தாள். இப்போது இரண்டும் ஒரே கூண்டில் இருக்கின்றன. கூண்டு என்று பழக்கத்தில் சொல்கிறேன். உண்மையில் அது ஹாலில் நாலடிக்கு ஆறடி இடத்தை வளைத்துப் போட்ட கம்பி வேலி, மேலே மூடி கிடையாது.

முதல் தப்பு என்னுடையது. முயலை டிரேயில், அதாவது அதன் கழிப்பறைத் தட்டில், போகப் பழக்குவது எப்படி என்று அந்தத் தம்பியிடம்தான் கேட்டேன். அவனுக்கு அதில் நல்ல அனுபவம். ஃபெரட் தூங்கி எழுந்த கால் மணி நேரத்துக்குள் போய்விடும், பின்பக்கமாகவே நகர்ந்து மூலையில் ஒண்டிப் போகும், சாப்பிடும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் போகாது, அதனால் டிரேயைச் சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வை என்றான். அப்படியே செய்தேன். முறுக்கு டிரேயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புல் தட்டின் மேல் உட்கார்ந்து தின்றுகொண்டே புழுக்கை போட்டான்.

ஆறு வாரம் கழித்துத்தான் புரிந்தது. ஃபெரட் மாமிசம் தின்னும் பிராணி. முயல் நாள் முழுக்கப் புல் தின்னும். தின்னும்போதே கீழே போய்க்கொண்டிருக்கும். நாளொன்றுக்கு 200, 300 புழுக்கை என்பது முயலுக்குச் சாதாரணம். அது எங்கே தின்கிறதோ அங்கேதான் கழிப்பறை. காய்ந்த திமோத்தி புல்லை டிரேயின் ஒரு பாதியில் குவித்து வைத்தேன். இரண்டே நாளில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. இத்தனை நாள் நான் அவனைத் தூக்கித் தூக்கி டிரேயில் வைத்ததெல்லாம் வீண்வேலை.

மீதிக் கால்வாசிக்குக் கருத்தடை அறுவை தேவைப்பட்டது. வயதுக்கு வந்த ஆண் முயல் மூத்திரத்தைப் பீய்ச்சி அடிக்கும். எங்கள் வீட்டுச் சோபா, டிவி மேசை, ஒருமுறை என் கணவரின் அலுவலகப் பை என எல்லாம் அனுபவித்தவை. ஏழாவது மாதத்தில் அறுவை முடிந்தது. அன்றே மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். உடம்பில் மிச்சமிருக்கும் ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் ஆகும். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது.

இனி டிரே. முதலில் வாங்கியது செல்லப்பிராணிக் கடையில் 'முயலுக்கு' என்று விற்ற முக்கோண டிரே. மூலையில் கச்சிதமாக உட்காரும், பார்க்க அழகு. முயலின் முன்பாதி மட்டும்தான் உள்ளே போகும். பின்பாதிதானே நமக்கு வேண்டும்! இரண்டாவது, பெரிய பூனை டிரே. அதற்கு மேல் கம்பி வலை ஒன்று கிடைத்தது, ஒரு மாதத்திலேயே எடுத்துவிட்டேன். பூனை, நாய் மாதிரி முயலுக்குப் பாதத்தில் மெத்தைத் தோல் கிடையாது, முடி மட்டும்தான். கம்பியில் அதிக நேரம் உட்கார்ந்தால் குதிகால் புண்ணாகிவிடும். மூன்றாவது, துணிமணி போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி. ஒரு பக்கம் மட்டும் தாழ்வாக வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து நானே செய்தது. இரண்டரை வருடமாக இதுதான் ஓடுகிறது. உயரச் சுவர் ஏன் வேண்டும் என்றால் சீடைக்காக. அவள் டிரேக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்வாள். உட்கார்ந்த பிறகு வாலைத் தூக்கிச் சுவருக்கு வெளியே அடிப்பாள். அவள் மனசாட்சிப்படி அவள் டிரேயில்தான் போனாள்.

டிரேயில் ஈரத்தை உறிஞ்சப் பரப்பும் பொருளுக்கு லிட்டர் என்று பெயர், அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணல் வேண்டவே வேண்டாம், தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். காகித லிட்டர் நல்லது, ஆனால் இரண்டு முயலுக்குக் கட்டுப்படியாகாது. நான் இப்போது பயன்படுத்துவது அழுத்திச் செய்த மரத்தூள் குச்சி. மூத்திரம் பட்டதும் தூளாக உதிர்ந்துவிடும், வாடையும் அடங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒருநாள் விட்டால்கூட அம்மோனியா நெடி கிளம்பிவிடும் என்பதால் ஈரமான பகுதியைத் தினமும் காலையில் அள்ளிவிடுகிறேன். வாரம் ஒருமுறை டிரேயை வெள்ளை வினிகரில் அரை மணி ஊறவைத்தால் அடியில் ஒட்டிய சுண்ணாம்புப் படிவு கழன்றுவரும். அள்ளியதைப் பையில் இறுக்கிக் கட்டிக் குப்பைக் குழாயில் போடுங்கள். கட்டாமல் போட்டால் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வருவார்கள்.

சரி, இரண்டு முயல் ஒரே கூண்டு என்ற கதைக்கு வருகிறேன். இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சீடை, ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடமிருந்து வந்தவள். இரண்டு வயது, கருத்தடை செய்யாதவள். 'டிரேயில் மட்டும்தான் போவாள்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அங்கே அவள் தனி ராணி. இங்கே இன்னொரு முயலின் வாடை வந்ததும் இரண்டும் தங்கள் பழக்கத்தை அப்படியே மறந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்திருந்தோம். காலையில் எழுந்து பார்த்தால் வேலியோரம் நேர்க்கோட்டில் புழுக்கை. இரண்டு பக்கமும் போட்டி போட்டு எல்லைக்கல் நட்டிருந்தார்கள். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "ஊர்ல பங்காளிங்க வரப்புக்கு அடிச்சிக்கிற மாதிரியில்ல இருக்கு?" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

நான் மறுபடி டிரே பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பலனில்லை. அப்புறம்தான் சீடைக்கு அறுவை செய்து, அவள் தேறிய பிறகு, தினமும் இரண்டு டிரேயையும் இடம் மாற்றி வைத்தேன். அவன் டிரே அவளிடம், அவளுடையது அவனிடம். எதிராளியின் வாடை வீட்டு வாடையாக மாற வேண்டும் என்பதுதான் கணக்கு. மூன்று வாரத்தில் வேலியோர வரிசை மெலிந்தது. நேருக்கு நேர் சந்திப்பு மட்டும் குளியலறையில், ஏனென்றால் அது இருவருக்கும் சொந்தமில்லாத இடம். கையில் தடித்த துண்டோடு நான் நடுவர். முதல் நாள் முடி பறந்தது. பதினொன்றாவது நாள் முறுக்கு தலையைத் தாழ்த்திக் காட்ட, சீடை அவன் நெற்றியை நக்கினாள். என் மகள் கத்தியதில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டி என்னவென்று கேட்டார்.

அதற்குப் பிறகு டிரே தானாக ஒழுங்குக்கு வந்தது. ஒரு முயலுக்கு ஒரு டிரே என்று இரண்டு வைத்திருந்தேன். இருவரும் ஒன்றுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு புல் தின்றார்கள், மற்றது சும்மா கிடந்தது. அதை எடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் பெரிதாக்கினேன். இரண்டும் நீட்டிப் படுக்கிற அளவுக்கு. ஆம், கழிப்பறையிலேயே படுப்பார்கள். முதலில் எனக்கு அருவருப்பாக இருந்தது, இப்போது கண்டுகொள்வதில்லை.

இடையில் பெரிய சறுக்கல் ஒன்று. இரண்டாவது வருடம் முறுக்கு திடீரென்று டிரேக்கு வெளியே, சொட்டுச் சொட்டாகப் போக ஆரம்பித்தான். சீடையோடு சண்டையோ, கோபமோ என்று நான் ஒரு வாரம் உளவியல் பேசிக்கொண்டிருந்தேன். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்: சிறுநீர்ப்பை முழுக்கச் சுண்ணாம்புச் சேறு. முயல் உணவிலிருக்கும் கால்சியத்தை நம்மைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். அவனுக்கு யார் இவ்வளவு கால்சியம் கொடுத்தது? விசாரித்ததில், தேக்கா சந்தையில் வாங்கி வந்த முருங்கைக்கீரையை மாமியார் மத்தியானம் தினமும் ஒரு பிடி ஊட்டிக்கொண்டிருந்தார். "நமக்கு நல்லதுன்னா அதுக்கும் நல்லதுதானேம்மா" என்றார் பாவம். கீரையை நிறுத்தி, தீவனக் குருணையைக் குறைத்து, உறிஞ்சும் பாட்டிலுக்குப் பதில் கனமான பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். கிண்ணத்தில் முயல் கூடுதலாகக் குடிக்கும். மருந்தும் சேர்ந்து ஒரு மாதத்தில் தேறினான். நன்றாகப் பழகிய முயல் காரணமில்லாமல் வெளியே போனால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். நான் வீணாக்கிய அந்த ஒரு வாரம் இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று, பதற வேண்டாத விஷயம். மூத்திரம் சில நாள் ஆரஞ்சாக, செங்கல் நிறத்தில்கூட இருக்கும். தின்ற காயின் நிறமி அது. முதல்முறை பார்த்து ரத்தம் என்று டாக்சி பிடித்தவள் நான்.

கூண்டை முதலில் சமையலறைக்குப் பின்னால் துணி காயும் இடத்தில் வைத்திருந்தோம், வாடை ஹாலுக்கு வராதே என்று. மத்தியானம் அங்கே வெயில் தகிக்கும். முயலுக்கு வெக்கை ஆகவே ஆகாது. 30 டிகிரி தாண்டினால் ஆபத்து. ஹாலுக்கு மாற்றி, மின்விசிறிக்கு நேரே இரண்டு தரை ஓடு போட்டோம். வாடை பயந்த அளவுக்கு இல்லை. விருந்தாளிகள், கண்ணால் பார்த்த பிறகுதான் முயல் இருப்பதே தெரிகிறது என்கிறார்கள், மரியாதைக்குச் சொல்வதாகவும் இருக்கலாம்.

இன்றைய நிலவரம்: மூத்திரம் முழுக்க டிரேயில். புழுக்கை தினமும் பத்துப் பதினைந்து வெளியே சிதறும், காய்ந்த உருண்டைதான், கையாலேயே பொறுக்கிவிடலாம். அதை மட்கவைக்காமல் நேரடியாகச் செடிக்குப் போடலாம் என்பதால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாரம் ஒரு ஐஸ்கிரீம் டப்பா வாங்கிப் போகிறார். நடைபாதையில் இருக்கும் அவருடைய கறிவேப்பிலை இப்போது என் தோளுயரம். தம்பிக்குப் படம் அனுப்பினேன். அவனுடைய ஃபெரட் இரண்டும் இன்னமும் பத்துக்கு இரண்டு முறை டிரேயைத் தவறவிடுகிறதாம். அதற்கு என்ன வழி என்று என்னிடம் கேட்கிறான்.