ஆறு கோடைக்குப் பிறகு மெழுகுப் பூச்சு: அந்த 23 டிகிரிதான் என் ஆற்றாமை

சென்னையிலிருந்து நண்பன் போன வாரம் கேட்டான்: "அறைச் சூட்டைத் தணிக்கச் சுவருக்கு மெழுகு கலந்த பூச்சு போட்டாயே, எங்கள் மொட்டை மாடி அறைக்கும் போடலாமா?" அவன் கேட்ட நேரம், இங்கே ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் நான்கு நாளாக அனல். கூரையை ஒட்டிய என் வீட்டில் தூக்கமில்லை. அந்தக் கடுப்பும் இதில் இருக்கும்.

முதலில் நல்லது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் போதும்; ஒரு கிலோ பாரஃபின் மெழுகு உருகும்போது ஏறக்குறைய 200 கிலோஜூலை விழுங்கும், உருகி முடியும் வரை அதன் சூடும் பெரிதாக ஏறாது. ஒன்றரை சென்டிமீட்டர் ஜிப்சம் பூச்சுக்குள் அந்த மெழுகு நுண்ணிய உறைகளில் அடைந்து கிடக்கிறது. ஆணி அடித்தேன், துளை போட்டேன், ஒரு சொட்டு கசியவில்லை. மே, செப்டம்பர் மாதங்களில் இந்த அறை தருகிற சுகத்தை என்னவென்று சொல்வது! வெளியே வெயில் காயும். உள்ளே சுவரில் கை வைத்தால் மண் பானையைத் தொட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் நடுக்கோடையில்தான் உதவி தேவை. அப்போதுதான் இது கைவிடுகிறது. காரணம் பூச்சு அல்ல, அந்த எண். 23 டிகிரியில் உருகும் வகை, 26-இல் உருகும் வகை இரண்டும் இருந்தன. கூரை அறை என்று படித்துப் படித்துச் சொன்னேன். வேலை எடுத்தவர் "வீட்டுக்கு 23தான் சரி" என்று அடித்துப் பேசினார், நானும் தலையாட்டினேன். ஜூலையில் காலை பத்து மணிக்கே அறை 23-ஐத் தாண்டிவிடும். மதிய வெயில் வருவதற்குள் மெழுகு முழுக்க உருகித் தீர்ந்திருக்கும். அதற்குமேல் அது சாதாரணச் சுவர்தான்.

இரவில் இன்னொரு தொல்லை. உருகியது உறைந்தால்தான் மறுநாள் வேலை செய்யும். மற்ற நாட்களில் பொழுது சாய்ந்ததும் பக்கத்து மலைக்காடான கருங்காட்டுப் (பிளாக் ஃபாரஸ்ட்) பக்கமிருந்து குளிர்ந்த மலைக்காற்று இறங்கும், ஜன்னலைத் திறந்தால் போதும். அனல் நாட்களில் வெளியே இரவிலும் 20-க்குக் கீழே போவதில்லை; மூன்று டிகிரி வித்தியாசத்தில் எவ்வளவுதான் உறையும்? 26 என்றால் ஆறு டிகிரி கிடைத்திருக்கும். பூச்சு பூசியது பூசியதுதான், கொத்தி எடுக்காமல் மாற்ற முடியாது.

நண்பனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மே மாதச் சென்னையில் இரவே 28 டிகிரி. ஏசி இல்லாத அந்த அறையில் 26 வகையும் உருகியபடியே கிடக்கும். மொட்டை மாடியில் கூலிங் டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். இங்கே கூரை வீட்டுக்காரர் யாராவது கேட்டாலும் இன்றைக்கு என் பதில் அதேதான்: வேண்டாம், அந்தக் காசில் ஜன்னலுக்கு வெளியே ஷட்டர் போடுங்கள்.

நானும் ஷட்டருக்குச் சொல்லிவிட்டேன். அப்புறம் மேற்குச் சுவரை மட்டும் கொத்திவிட்டு 26 வகையைப் பூச என்ன ஆகும் என்று வேறொருவரிடம் விலை கேட்டிருக்கிறேன்.