சாம்பிள் ஐந்தும் சுத்தம், பின்னால் வந்த நாற்பதில் ஆறுதான் தேறியது

கறுப்பு வெள்ளையைப் பிரித்துப் பார்க்கும் க்யூஆர்டி1114 என்ற குட்டி சென்சாரைத் தேடி அலைகிறவர்கள் யாராவது இருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 2,290 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் ஆறு நாள் ஒருத்தன் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்து, நானும் ஒழுங்காக எழுதிக் காட்டியிருக்கிறேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

எனக்குத் தக்கலைப் பக்கம் ஜெராக்ஸ் கடை. மெஷின் பழுது பார்ப்பதும் நானே என்பதால் சாலிடரிங் அயர்ன், மல்டிமீட்டர் எல்லாம் பழகியவைதான். அக்கா மகன் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து ஆறு சின்ன ரோபோ செய்கிறார்கள். இரண்டு சக்கரம், இரண்டு மோட்டார். ஒரே மாடல் மோட்டார், ஒரே பேட்டரி என்றாலும் ஒன்று கொஞ்சம் வேகமாகத்தான் சுற்றும். நேராகப் போ என்றால் வண்டி சொத்தை மாட்டுவண்டி மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு சுற்றியது என்று எண்ணித் திருத்தினால்தான் நேர்கோடு கிடைக்கும். அந்த எண்ணும் சமாச்சாரம்தான் என்கோடர்.

சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட வட்டம் ஒன்றை ஒட்டி, எதிரே ஒரு பிரதிபலிப்பு சென்சாரை வைப்பது எளிய வழி. சென்சாருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளி விடும் ஐஆர் எல்இடி ஒன்று, திரும்பி வருவதைப் பிடிக்கும் போட்டோடிரான்சிஸ்டர் ஒன்று. 65 மில்லிமீட்டர் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 204 மில்லிமீட்டர். 16 கறுப்பு, 16 வெள்ளை என்று போட்டால் 32 மாற்றங்கள், அதாவது வண்டி 6.4 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு எண்ணிக்கை. முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று தெரிய, பட்டையில் பாதி அகலம் விலகி நிற்கும்படி இரண்டாவது சென்சார் வேண்டும். ஒரு வண்டிக்கு நாலு. ஆறு வண்டிக்கு இருபத்து நாலு. பசங்க கை, அதனால் உபரியும் சேர்த்து நாற்பது என்று கணக்குப் போட்டோம்.

நாகர்கோவில் கடைகளில் கேட்டால் டிசிஆர்டி5000 கிடைக்கும். கோடு பின்தொடரும் வண்டிக்கு எல்லாரும் வாங்குகிற, நீல நிறத் திருகு வைத்த மாட்யூலில் இருப்பது அதுதான். நல்ல சாமான்தான், ஆனால் பத்து மில்லிமீட்டர் நீளம். எங்கள் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் இரண்டை நுழைக்க முடியவில்லை. என் கடை ஸ்கிராப் பெட்டியில் பழைய பிரிண்டர்களிலிருந்து கழற்றிய சென்சார்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. ஆனால் அவை இரண்டு கொம்புக்கு நடுவே தகடு ஓடும் வகை. பின்பக்கமும் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் நிற பிஓ மோட்டார் என்றால் துளைத்தட்டு மாட்டி அதையே வைத்திருக்கலாம். பசங்க வாங்கி வைத்திருந்தது உலோக கியர் மோட்டார், பின்னால் தண்டே கிடையாது. அப்படித்தான் க்யூஆர்டி1114 மேல் ஆசை வந்தது. சின்ன உடம்பு, ஒன்றேகால் மில்லிமீட்டர் தூரத்தில் கூர்மையாகப் பார்க்கும். பழைய ரோபோ கட்டுரைகள் பலவற்றிலும் இதன் பெயர்தான் வரும். ஃபேர்சைல்ட் கம்பெனி தயாரித்தது, இப்போது தயாரிப்பு நின்றுபோன சரக்கு.

திருவனந்தபுரம் போனபோது விசாரித்தேன், இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு நண்பர் நாலு கடை ஏறி இறங்கினார், அங்கேயும் இல்லை. அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "சார், ஃபேர்சைல்ட் ஒரிஜினல் பழைய ஸ்டாக் எங்கிட்ட இருக்கு" என்றார். பெயரை இங்கே போடவில்லை. அந்தப் பெயர் அவருடையதுதானா என்றே எனக்குச் சந்தேகம். பணம் அனுப்பும்போது யூபிஐ திரையில் வந்தது வேறு பெயர். கேட்டதற்குத் தம்பி அக்கவுண்ட் என்றார். அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. முதலில் ஐந்து மட்டும் சாம்பிள் வாங்கினேன். ஐந்தும் அருமை. கடை டோனரில் அடித்த கறுப்புத் தாளை எதிரே காட்டினால் 4.6 வோல்ட், வெள்ளைத் தாளைக் காட்டினால் 0.3. இதைவிட என்ன வேண்டும்? நாற்பதுக்கு 2,200, கூரியருக்கு 90 என்று உடனே அனுப்பிவிட்டேன். சாம்பிள் ஐந்தையும் மருமகன் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்விட்டான்.

மார்த்தாண்டம் பக்கம் தேன் வாங்கியவர்களுக்கு இந்த வித்தை தெரியும். உள்ளங்கையில் ஊற்றி நக்கச் சொல்வது ஒரு பாட்டில், பையில் போட்டுத் தருவது வேறு பாட்டில். தேன் விஷயத்தில் நான் ஏமாந்ததே இல்லை. சென்சாரில் ஏமாந்தேன்.

பார்சல் வியாழக்கிழமை வந்தது. மாணவர்களின் ரெக்கார்டு நோட்டு, புராஜெக்ட் புத்தகம் என்று கடையில் மூச்சு விட நேரமில்லை. மேலாகப் பிரித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். பிரிப்பதை வீடியோவும் எடுக்கவில்லை. பையில் ஃபேர்சைல்ட் என்று லேபிள், கீழே 2021 என்று தேதி. அந்தக் கம்பெனியை ஆன் செமிகண்டக்டர் 2016-லேயே வாங்கிவிட்டது. ஐந்து வருஷம் கழித்து பழைய பெயரில் புது லேபிள் எப்படி வந்தது என்று அப்போது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சோதித்தேன். மேலே இருந்தவை சரியாக வேலை செய்தன. கீழே போகப் போகக் குழப்பம். சிலதில் எல்இடியே எரியவில்லை. பலதில் எரிகிறது, ஆனால் வெள்ளையைக் காட்டினாலும் 3.8 வோல்டுக்குக் கீழே இறங்கவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். பதில் ஐந்தே நிமிஷத்தில் வந்தது, ரொம்ப மரியாதையாக. இனிமேல் வருவதுதான் இந்தப் பதிவை நான் எழுதக் காரணம்.

திங்கட்கிழமை: "சார், எல்இடிக்கு 220 ஓம் ரெசிஸ்டர் போட்டா கரண்ட் பத்தாது. 100 ஓம் போட்டுப் பாருங்க." போட்டேன். கொஞ்சம் இறங்கியது, போதவில்லை. சாம்பிள் ஐந்தும் 220 ஓமில்தான் ஓடின என்பதைச் சொன்னேன். "லாட்டுக்கு லாட்டு மாறும் சார்" என்றார்.

செவ்வாய்: "தூரம் சரியா 1.27 மில்லிமீட்டர் இருக்கணும் சார்." ஏடிஎம் கார்டு ஒன்றின் கனம் முக்கால் மில்லிமீட்டர். ஒரு கார்டும் இரண்டு விசிட்டிங் கார்டும் சேர்த்து இடைவெளி வைத்து அளந்தேன். அதே கதை.

புதன்: "உங்க டிஸ்க் எதுல பிரிண்ட் எடுத்தது? இங்க்ஜெட்டா?" இங்கேதான் ஆள் என்னைக் கவிழ்த்தான். மருமகனிடம் கேட்டால், ஆமாம், ஹாஸ்டலில் ஒரு பையனின் இங்க்ஜெட்டில் எடுத்தோம் என்கிறான். ஜெராக்ஸ் கடைக்காரனுக்க மருமகன்! சாய வகை மை நம் கண்ணுக்குக் கறுப்பு, ஐஆர் ஒளிக்கு அது கிட்டத்தட்ட வெள்ளை. லேசர் பிரிண்டர், ஜெராக்ஸ் டோனரில் கார்பன் இருப்பதால்தான் அது ஐஆரை விழுங்கும். ஆக, தப்பு நம் பக்கம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. "ஸாரி" என்று வேறு எழுதினேன்.

நிதானமாக யோசித்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். மை மோசமென்றால் கறுப்பு வெள்ளையைப் போலத் தெரியும். எனக்கு இருந்த பிரச்சினை வெள்ளையிலேயே வோல்டேஜ் இறங்காதது. அதற்கும் மைக்கும் என்ன சம்பந்தம்? அவன் சொன்னது உண்மைதான். என் கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான். பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வியாழன் டோனரில் புது வட்டம் அடித்து வைத்துப் பார்த்தேன். சென்சார் இருந்தது பிரெட்போர்டில், அதாவது சாலிடர் இல்லாமல் கால்களைச் செருகும் பலகையில். மாற்றமில்லை. "பிரெட்போர்டுல கால் சரியா உட்காராது சார், காண்டாக்ட் லூஸ். ஒரு நாலஞ்சு பீஸ் போர்டுல சாலிடர் பண்ணிப் பாருங்க, நிச்சயம் வரும்." வெள்ளிக்கிழமை நாலை சாலிடர் செய்தேன். சனிக்கிழமை காலையில் மருமகன் சாம்பிள் சென்சார்களோடு வந்தான். அதே போர்டு, அதே ரெசிஸ்டர், அதே வட்டம். சாம்பிள் ஓடுகிறது, லாட் ஓடவில்லை.

"மாமா, உங்களுக்க போர்டுல ஒரு குத்தமும் இல்ல கேட்டீங்களா. சாமான்தான் கள்ளச் சாமான்" என்றான்.

வீடியோவாக எடுத்து அனுப்பினேன். இந்த முறை பதில் வர மத்தியானம் ஆனது. "சார், ரீப்ளேஸ்மென்ட் டெலிவரி ஆகி 7 நாளுக்குள்ள. நீங்க 9 நாள் ஆக்கிட்டீங்க. சாலிடர் பண்ணின பீஸுக்கு ரிட்டர்ன் கிடையாது." சாலிடர் செய்யச் சொன்னதே அவன்தான் என்று அவனுடைய மெசேஜையே திருப்பி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அதற்கப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான்.

சாயந்திரம் நாற்பதையும் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தோம். எல்இடி செத்தது 11. எரிந்தும் பிரயோஜனமில்லாதது 23. நல்லது 6, எல்லாம் பையின் மேல்பக்கத்தில் இருந்தவை. மற்ற 34-ல் பெரும்பாலானவற்றின் கால்கள் ஒரு பொடி குட்டை, வேரில் பழைய ஈயத்தின் மினுக்கம். பழைய போர்டுகளிலிருந்து கழற்றித் துடைத்ததாகத்தான் தெரிகிறது. உடம்பின் கறுப்பிலேயே இரண்டு விதம் இருந்தது, ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். நான் பார்த்தது கடைசி நாள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். பில் இருக்கிறதா, விற்றவரின் முகவரி என்ன என்றார்கள். பில் கிடையாது, கூரியர் கவரில் அனுப்பியவர் இடத்தில் ஒரு போன் நம்பர் மட்டும். நாகர்கோவிலிலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருள் என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் நோட்டீஸ் எந்த வாசலுக்கு அனுப்புவது? புகார் பதிவாகி எண் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேல் நகரவில்லை. யூபிஐ பரிவர்த்தனை எண், சாட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வசதி மட்டும் நம்மிடம் உண்டு.

இந்த மாதிரி சாமான் கைக்கு வந்தால் செய்ய வேண்டிய சோதனைக்கு அரை மணி நேரம் போதும். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து எல்இடி கால்களைத் தொட்டால், நல்ல ஐஆர் எல்இடி 1.1, 1.2 வோல்ட் பக்கம் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் கம்பியை மாற்றித் தொட்டுப் பாருங்கள், அதற்கும் காட்டாதது செத்தது. ரெசிஸ்டர் போட்டு எரியவிட்டு போனின் முன் கேமராவில் பார்த்தால் ஊதா நிறத்தில் மின்னும். பின் கேமராவில் ஐஆர் ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் பல போன்களில் தெரியாது. பையில் மேலே இருப்பதை எடுக்காதீர்கள், அடியிலிருந்து எடுங்கள். சாம்பிளில் ஒன்றையாவது கையை விட்டு அனுப்பாதீர்கள். ஒத்துப் பார்க்க என்னிடம் ஒன்று இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருக்கும். விற்றவர் "இதை மாற்றிப் பாருங்கள், அதை மாற்றிப் பாருங்கள்" என்றால் பாருங்கள், ஆனால் அதற்கு முன் "எனக்கு மாற்றுச் சரக்கு வேண்டும்" என்று தேதியோடு எழுதி அனுப்பிவிட்டு அப்புறம் பாருங்கள். சாலிடர் மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

ரோபோ என்ன ஆனது என்று கேட்பீர்கள். பசங்க சட்டத்தை அரை இஞ்ச் அகலப்படுத்தி, டிசிஆர்டி5000-ஐயே வைத்துவிட்டார்கள். பட்டையை 8 கறுப்பு, 8 வெள்ளையாகக் குறைத்தாயிற்று. இப்போது ஒரு எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர், துல்லியம் பாதிதான். இருந்தாலும் வண்டி நேராகப் போகிறது. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று அக்கா கேட்டாள். நான் கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

போன வாரம் வேறொரு குழுவில், பழைய ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்களுக்காக ஒருவர் அபூர்வமான கேங் கண்டன்சர் (ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றத் திருகும் பாகம்) படம் போட்டிருந்தார். வேறு பெயர், வேறு எண். படத்தில் சாமானுக்குக் கீழே நீலக் கட்டம் போட்ட மேசை விரிப்பு, வலது மூலையில் சாலிடரிங் அயர்ன் சுட்ட ஓட்டை. என் சென்சார் படத்திலும் அதே விரிப்பு, அதே ஓட்டை. அந்த விரிப்பைப் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்.