மதுரையா, பெங்களூரா, அவர் மட்டும் விடுதியா? இறையியல் படிப்புக்கு வீடு மாற்றும் குடும்பங்களுக்கு

ஏப்ரல் பிறந்தால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். "அக்கா, என் வீட்டுக்காரருக்குத் திருமண்டலத்தில் இறையியல் படிப்புக்குச் செலக்‌ஷன் ஆகிவிட்டது. ஜூனில் கல்லூரி திறக்கிறார்கள். நாங்களும் கூடவே போகலாமா, இல்லை அவரை அனுப்பிவிட்டு நான் ஊரோடு இருந்துகொள்ளட்டுமா?" திருமண்டலம் என்பது ஒரு பேராயரின் கீழ் இருக்கும் சபைகளின் நிர்வாகம். போனில் பாதி பாதியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். என் கணவர் மதுரையில் படித்தவர், நானும் பிள்ளைகளும் அவரோடு போனோம், இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) குருமனையில், அதாவது போதகர் வீட்டில், இருக்கிறோம். குடும்பத்தோடு பெங்களூர் போனவர்களும், கணவரை விடுதிக்கு அனுப்பிவிட்டு ஊரில் இருந்தவர்களும் எனக்கு நெருங்கிய தோழிகள். நான் எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முடிகிற குடும்பங்கள் சேர்ந்தே போக வேண்டும், தமிழ்ச் சபையில் ஊழியம் செய்யப்போகிறவர் தமிழில் படிப்பதே நல்லது.

முதலில் பட்டத்தைப் பற்றிய கவலையை ஒதுக்கி வையுங்கள். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் போதகராகக் குருப்பட்டம் பெறுவதற்குப் பெரும்பாலும் கேட்பது, இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. (இறையியல் இளநிலை) பட்டம். கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மிஷனரிகள் மூவரும் 1818-இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827-இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனத்திலிருந்து வருவதுதான் பட்டம் வழங்கும் அந்த உரிமை. மதுரையில் படித்தாலும் பெங்களூரில் படித்தாலும் சென்னையில் படித்தாலும் சான்றிதழ் அதே செனட்டுடையதுதான், ஏற்கெனவே டிகிரி முடித்தவருக்கு 4 ஆண்டு. அதனால் "எது பெரிய கல்லூரி" என்று சொந்தக்காரர்கள் நடத்தும் பட்டிமன்றத்துக்குக் காது கொடுக்க வேண்டாம். எங்கே அனுப்புவது என்பது கடைசியில் திருமண்டலத்தின் முடிவு, ஆனால் நேர்முகத்தில் விருப்பத்தைச் சொல்ல இடம் இருக்கும், காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ஓராண்டு, ஈராண்டுப் படிப்பு நடத்தும் வேதாகமக் கல்லூரிகளும் ஏராளமாக இருக்கின்றன, சுவிசேஷ ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு அவை போதுமாக இருக்கலாம். குருப்பட்டம்தான் நோக்கம் என்றால், இருக்கிற வீட்டைக் காலி செய்வதற்கு முன் அந்தப் படிப்பைத் திருமண்டலம் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரி, மதுரை. அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969-இல் உருவானது, சி.எஸ்.ஐ. திருமண்டலங்களும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்துவது. வகுப்பும் கட்டுரையும் தமிழில். புத்தகங்களில் நிறைய ஆங்கிலத்தில்தான் இருக்கும், எபிரெயமும் கிரேக்கமும் எங்கே போனாலும் தப்பாது, ஆனால் யோசிப்பதும் வாதாடுவதும் தமிழில் நடக்கிறது. இதனால் மனைவிக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். அதுதான் பெரிய லாபம். ராத்திரி நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன், அவர் சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து மறுநாள் வகுப்பில் செய்ய வேண்டிய பிரசங்கத்தை வாசித்துக் காட்டுவார். ஒரு தடவை யோனா. நினிவே, அசீரியப் பேரரசு, அது இது என்று பக்கம் பக்கமாக ஓடியது. "ஏங்க, கடைசி வசனத்தில் மிருகஜீவன்களையும் சேர்த்துத்தானே ஆண்டவர் பரிதாபப்படுகிறார்? ஆடு வளர்க்கிறவங்க கிட்ட அதைச் சொன்னா போதுமே" என்றேன். நோட்டை மூடிவிட்டு அங்கிருந்தே மறுபடி எழுத ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் அவர் படித்திருந்தால் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நடந்திருக்காது, நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

அந்தக் கல்லூரிக்கு வேறு ஒரு குணமும் உண்டு. மறைந்த தியோபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்து, நாட்டுப்புற மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். தலித் மக்களின் வாழ்விலிருந்து இறையியலைப் பேசுவது அங்கே ஊறிப்போன விஷயம். மாணவர்கள் ஒரு கட்டத்தில் வளாகத்தை விட்டு வெளியேறி, குடிசைப் பகுதியிலோ கிராமத்திலோ மக்களோடு தங்கிப் படிக்கும் முறையும் பல காலமாக இருந்து வருகிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் இதைச் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் காலத்தில் மனைவி பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், தண்ணீர் கழிப்பறை வசதி எப்படி? சுளீரென்று சுடும் கேள்விகள்தான், ஆனால் இதைக் கேட்டுத் தயாராகப் போகிற பெண்ணுக்கு நாளை எந்தச் சேகரமும் புதிதாகத் தெரியாது.

மதுரையின் குறையும் சொல்ல வேண்டும். ஊர் பக்கம். திருநெல்வேலியிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம்தான், அதனால் சொந்தத்தில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சாவுக்கும் கோவில் அசன விருந்துக்கும் "இந்தா இருக்கிற மதுரை, வந்துட்டுப் போங்களேன்" என்று கூப்பிடுவார்கள். போனால் படிப்பு கெடும், போகாவிட்டால் அத்தை முகம் வாடும். குடும்பக் குடியிருப்பும் கேட்டவுடன் கிடைக்காது, வரிசை இருக்கும். கிடைக்கும் வரை அரசரடி, காளவாசல், பெத்தானியாபுரம் பக்கம் வாடகை வீடு பார்க்க வேண்டியிருக்கும்.

பெங்களூர் வேறு உலகம். ஐக்கிய இறையியல் கல்லூரி 1910-இல் தொடங்கியது, பென்சன் டவுனில் மில்லர்ஸ் ரோட்டில் இருக்கிறது. ரஸ்ஸல் சந்திரன் 1954-இல் அதன் முதல் இந்திய முதல்வராகி நெடுங்காலம் நடத்தினார். அந்த நூலகமும் பழைய மிஷனரி ஆவணங்களும் இருப்பதால், எம்.டிஎச். என்ற இறையியல் முதுநிலை, டாக்டர் பட்டம், பிறகு இறையியல் ஆசிரியர் வேலை என்று மனம் போகிறவருக்கு அதுதான் சரியான இடம், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நாகாலாந்து, மிசோரம், ஆந்திரா, கேரளா என்று எல்லாப் பக்கத்து மாணவர்களும் இருப்பார்கள், பிள்ளைகள் ஒரே மாலையில் நாலு மொழி கேட்டு விளையாடும். நர்சிங் படித்த மனைவிக்கு அங்கே வேலை கிடைப்பதும் எளிது. என் தோழி ஒருத்தி அப்படித்தான் நைட் டூட்டி பார்த்துக் குடும்பத்தை ஓட்டினாள். தமிழ்ச் சபைகளும் தமிழர்களும் நிறைந்த நகரம், ஞாயிற்றுக்கிழமை களப்பணிக்குத் தமிழ் ஆராதனை இல்லாமல் போகாது.

ஆனால் இரண்டு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒன்று அட்வான்ஸ். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது அங்கே வெகுநாள் பழக்கம். திருமண்டலம் கொடுக்கும் உதவித்தொகை மாணவருடைய படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் பண்ணியது, குடும்பத்தின் வாடகைக்கு அல்ல. இன்னொன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடம். கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் கட்டாயப் பாடம். அந்தத் தோழியின் மகன் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தான். கன்னட வீட்டுப்பாட நோட்டை அப்பாவும் அம்மாவும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், ஓர் எழுத்து புரியாது, கீழ் வீட்டு அம்மாதான் தினமும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பையன் நன்றாகவே பிடித்துக்கொண்டான், அதில் குறை இல்லை. திரும்பி வந்தபோதுதான் சிக்கல் முளைத்தது. தமிழ்நாட்டில் 2006-இல் வந்த சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம், அவனோ பேசுவதோடு சரி, எழுத வராது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்றால் ஈடுகட்டிவிடலாம். ஆறு, ஏழு படிக்கிற பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள் தினமும் வீட்டில் தமிழ் எழுத வைத்தே ஆக வேண்டும்.

கணவரைப் பற்றியும் ஒன்று. நான்கு ஆண்டு ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்தவருக்கு, பீடி சுற்றும் பெண்களும் வாழைக்காட்டு வேலைக்காரர்களும் உட்கார்ந்திருக்கும் சபையில் பேச்சு இறங்கச் சில காலம் பிடிக்கிறது. அருமையாகப் பேசுகிற, பெங்களூரில் படித்த ஐயர்களும் (போதகர்களைத்தான் ஐயர் என்கிறோம்) இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு அவர்கள் தனியாக உழைத்திருப்பார்கள்.

மூன்றாவது வழி, அவர் மட்டும் விடுதி. செலவு குறைவு, பிள்ளைகளின் பள்ளி மாறாது, மனைவியின் வேலையும் தப்பும். வயதான மாமனார் மாமியாரைப் பார்க்க ஆள் வேண்டும் என்ற வீடுகளும் உண்டு. இவ்வளவு நியாயம் இருக்கும்போது நான் ஏன் தயங்குகிறேன் என்றால், ஒரு தோழி வீட்டில் நேரில் பார்த்தேன். ராத்திரி எட்டு மணிக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள், அந்தப் பக்கம் அவர் விடுதி வராந்தாவில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசுவார். முதல் வருஷம் மகள் பள்ளியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அந்த மனிதர் எவ்வளவு பாசமானவர் என்று எனக்குத் தெரியும். தூரம் அப்படிச் செய்கிறது.

இன்னொரு காரணம், மனைவி. ஐயரம்மா என்று ஒரே நாளில் ஆகிவிட முடியாது. குருமனைக் கதவு காலை ஆறு மணிக்கே தட்டப்படும், ஜெபத்துக்கு வருவார்கள், சண்டையோடு வருவார்கள், ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருவார்கள், ஐயர் வீட்டில் இல்லாவிட்டால் நீங்கள்தான் உட்கார வைத்துப் பேச வேண்டும். மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை மாறுதல் வேறு. இறையியல் கல்லூரி வளாகத்தில் இருந்தவளுக்கு இதெல்லாம் பழகிவிடுகிறது, பல ஊர்ப் பெண்களோடு வாழ்ந்திருப்பாள், கணவர் என்ன படித்தார், எதில் தடுமாறினார், எங்கே விசுவாசம் ஆட்டம் கண்டு திரும்ப நின்றது என்று பக்கத்திலிருந்து பார்த்திருப்பாள். மனைவிகளுக்கென்று தனி வகுப்பு வைக்கும் கல்லூரிகளும் உண்டு, அதையும் விசாரியுங்கள். விடுதிப் படிப்பு முடித்து வந்தவரோடு நேராகக் குருமனைக்குப் போகிற பெண்ணுக்கு, கணவரும் புதுசு, வேலையும் புதுசு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் குருகுல் லுத்தரன் கல்லூரி 1927-இல் தொடங்கியது, படிப்பு ஆங்கிலத்தில், சுற்றிலும் தமிழ். பிள்ளைகளின் பள்ளிக்குச் சிக்கல் இல்லை, வாடகைதான் கடிக்கும். சென்னையில் தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடு இருந்தால் மதுரைக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன். புனேயில் யூனியன் பிப்ளிக்கல் செமினரி, 1953-இல் யவத்மாலில் ஆரம்பித்து 1983-இல் புனேக்கு வந்தது. வட இந்தியாவில் மிஷனரியாகப் போகப்போகிறவர்களுக்கு நல்ல தேர்வு, தமிழ்நாட்டுச் சபைக்குத் திரும்புகிறவர் அவ்வளவு தூரம் குடும்பத்தை இழுத்துப் போகத் தேவையில்லை. வீட்டிலிருந்தே படிக்க, 1971-இல் பெங்களூரில் தொடங்கிய தாஃப்டி (TAFTEE) என்ற அமைப்பு நடத்துவது மாதிரி விரிவாக்கப் படிப்புகள் இருக்கின்றன. ஊழிய அழைப்பு உறுதிதானா என்று சோதித்துப் பார்க்கவும், மனைவியும் சேர்ந்து படிக்கவும் அருமையானவை, ஆனால் குருப்பட்டத்துக்கு அது போதும் என்று நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

விதிவிலக்கும் உண்டு. மனைவி திருமண்டலப் பள்ளியில் அரசு உதவி பெறும் பணியிடத்தில் டீச்சர் என்றால் கணக்கு மாறுகிறது. அந்தப் பணியிடம் அந்த நிர்வாகத்துக்குள்தான் மாறும், மதுரைக்கு மாறுதல் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சம்பளமில்லா விடுப்பு எவ்வளவு நாள் கிடைக்கும் என்று நிர்வாகத்திடமும் கல்வி அலுவலகத்திலும் முதலில் கேளுங்கள். கிடைக்காது என்றால் வேலையை விடச் சொல்ல நான் தயாரில்லை, நான்கு வருஷமும் அந்தச் சம்பளம்தான் வீட்டைத் தாங்கும். அப்படிப்பட்டவர்கள் மதுரையையே கேட்டு வாங்குங்கள், சனிக்கிழமை ரயிலேறி அவர் வந்துபோகலாம், கோடை விடுமுறையில் நீங்கள் பிள்ளைகளோடு போய்த் தங்கலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த ஒரு வருஷம் மட்டும் அவர் முன்னால் போகட்டும், பரீட்சை முடிந்ததும் டி.சி.யை வாங்கிக்கொண்டு எல்லோருமாகக் கிளம்புங்கள். அதற்குள் குடியிருப்பு வரிசையில் உங்கள் பெயரும் மேலே வந்திருக்கும், ஆகவே அவர் சேருகிற அன்றைக்கே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.