புதுக் குக்கர்: அலுமினியமா, அனோடைஸ்டா, எவர்சில்வரா?

புதுக் குக்கர் வீட்டுக்கு வந்ததும், "எண்ணெய் தடவிப் பழக்கணுமா?" என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். இரும்புச் சட்டியில் எண்ணெய் சூட்டில் இறுகி ஒரு படலமாகப் படியும். துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். குக்கரில் துருப்பிடிக்கிற இரும்பும் இல்லை, ஓயாத தண்ணீரிலும் ஆவியிலும் அந்தப் படலம் நிலைக்கப்போவதும் இல்லை. கடைசியில் மிஞ்சுவது பிசுக்குதான்.

மூன்று வகைக்கும் முதல் நாள் வேலை ஒன்றே. சோப்புத் தண்ணீரில் கழுவி பாலிஷ் அழுக்கைப் போக்குங்கள். பிறகு இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி, இரண்டு விசில் விடுங்கள். ஓரத்தில் எங்காவது ஆவி கசிகிறதா, விசில் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அவ்வளவுதான்.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தெரியும். சாதா அலுமினியக் குக்கரைத் திறந்தால், தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் கோடு போட்டதுபோல் கறுத்திருக்கும். என் முதல் குக்கரில் அதைப் பார்த்துப் பதறி, கம்பி நாரால் அரை மணி நேரம் தேய்த்தேன். மறுநாள் அதே கறுப்பு. தண்ணீரில் உள்ள உப்புகள் உலோகத்தோடு சேர்ந்து செய்யும் வேலை அது, கெடுதல் கிடையாது. கண்ணை உறுத்தினால், பிழிந்த எலுமிச்சைத் தோலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள், வெளுத்துவிடும். சோடா உப்பை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். புளிப்பான எதையும் அதில் ராத்திரி முழுக்க விட்டுவைக்கவும் கூடாது.

ஹார்டு அனோடைஸ்டு, அதே அலுமினியம்தான். அமிலத்தில் முக்கி மின்சாரம் பாய்ச்சி, அதன் மேற்பரப்பையே கெட்டியான ஆக்சைடாக மாற்றியிருப்பார்கள். பூசிய பெயின்ட் இல்லை என்பதால் சுலபத்தில் உரியாது, புளிப்புக்கும் அசராது. ஆனால் பார்க்கத்தான் முரடு. பாத்திரம் கழுவும் மெஷினின் காரமான பவுடர் அந்தக் கறுப்பைத் திட்டுத் திட்டாக வெளுக்க வைத்துவிடும், வெளுத்ததை வீட்டில் சரிசெய்ய வழியே இல்லை. எந்நாளும் கையால், மென்மையான ஸ்பாஞ்சால் கழுவுகிறவர்களுக்குத்தான் இது சரிப்படும்.

எவர்சில்வர் நேர் எதிர். மெஷினில் போடலாம், ஊறப்போட்டு மறந்தும் போகலாம். அதன் குறை வேறு: அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் சூட்டைக் கடத்தும். அதனால்தான் அடியில் ஓர் அலுமினியத் தகட்டை நடுவில் வைத்து அடைத்திருக்கிறார்கள். அப்படியும் தீயைக் கூட்டி வைத்தால் அடிபிடிக்கும். அலுமினியத்தில் பழகிய கைக்கு முதல் வாரம் கொஞ்சம் தடுமாறும். அடியில் தெரியும் நீலமும் பழுப்புமான வானவில் கறை வெறும் சூட்டுக் கறை, வினிகர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். போகாதது உப்புப் புள்ளிதான். குளிர்ந்த தண்ணீரில் உப்பைக் கொட்டி அப்படியே விட்டால், அடியில் ஊசியால் குத்தியது மாதிரி குழி விழும். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கலக்குங்கள்.

கழுவும் சிரத்தை இல்லாதவருக்கு நான் எவர்சில்வரைத்தான் சொல்வேன். சீக்கிரம் சூடேற வேண்டும், கறுப்பு ஒரு பொருட்டில்லை என்றால் சாதா அலுமினியம். அனோடைஸ்டுக்கு என் ஓட்டு கடைசியில்தான், நான் அவ்வளவு பொறுமைசாலி இல்லை.

அப்புறம் கேஸ்கெட். எந்த உலோகமானாலும் முதலில் ஓய்ந்துபோவது அதுதான். ரப்பர் சீக்கிரம் இறுகி வெடிப்பு விடும். சிலிக்கான் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் நேற்றைய சமையல் வாசனையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எதுவானாலும் தினமும் கழற்றிக் கழுவி, துடைத்து, மூடியைப் பூட்டாமல் கவிழ்த்து வையுங்கள். அடுத்த முறை அடுப்பில் ஏற்றும்முன், வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு கண்ணால் பாருங்கள்.